லென்ஸில் பூஞ்சை

திருப்பூர்
10.9.2000

கருணாகரன் சாருக்கு,

பொன்னுத்துரை எழுதுகிறேன். இங்கே வந்து ஐந்து வாரம் ஆகிறது. குளிர் இல்லை, மழை இல்லை, அட்டைக்கடி இல்லை. கம்பளிகளை மடித்துக் கட்டி வைத்துவிட்டோம். தேயிலை பாக்டரியை மூடுகிறார்கள் என்று சொன்ன அன்று இருந்த பயத்தில் பாதி போய்விட்டது. எனக்கு ஒரு பனியன் கம்பெனியில் மூட்டை கட்டுகிற வேலை. மகள் ரஞ்சனிக்கு அதே கம்பெனியில் செக்கிங். என் சம்சாரம் சின்னம்மை வீட்டிலிருந்தபடியே பனியனில் பிசிறு வெட்டிக் கொடுக்கிறாள். வீடு என்றால் ஒற்றைக் காம்பராதான். குன்னூர் எஸ்டேட் லயத்தில் இருந்த அறையைவிடச் சின்னது, ஆனால் ஒழுகுவதில்லை.

உங்களுக்கு நன்றி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நாங்கள் புறப்படுகிற சமயத்தில் என் கேமராவை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிட்டது, இனிமேல் சரிசெய்ய முடியாது, ஷோகேஸில் வைக்கத்தான் ஆகும் என்று தெரிந்தும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தீர்கள். அதில்தான் லாரி வாடகை கொடுத்தேன். கேமராக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம், உதவாத சாமானை நட்புக்காக வாங்குகிறவர் நீங்கள் ஒருவர்தான்.

டார்ச் அடித்து நீங்கள் காட்டியபோது எனக்கும் உள்ளே சிலந்தி வலை மாதிரி ஏதோ தெரிந்தது. மனசு கேட்கவில்லை. இலங்கையில், ஹட்டனில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை சீமைக்குப் போகும்போது கொடுத்த ரோலிஃபிளெக்ஸ் அது. எழுபத்தாறில் தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது, ரஞ்சனியின் குழந்தைத் துணிக்குள் சுற்றி, சின்னம்மை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அப்படிக் கொண்டுவந்தவளே ஈர ஓதம் அடிக்கிற சுவரில் மாட்டிக் கெடுத்துவிட்டாளே என்று அன்று சாயங்காலம் அவளைச் சத்தம் போட்டேன். லயமே கேட்டது. இல்லை என்றாள் ஒரு தடவை.

போகட்டும். உங்கள் ஷோகேஸில் அது எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.

பொன்னுத்துரை


குன்னூர்
2.10.2000

பொன்னுத்துரை அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. உடனே எழுதியிருக்க வேண்டும்.

இங்கே நிலைமை நீங்கள் போனபோது இருந்ததைவிட மோசம். எங்கள் தேயிலை புரோக்கர் ஆபீசுக்கு வரும் சாம்பிள் தூள் டப்பாக்கள் ஏலத்தில் கேட்பாரில்லாமல் அலமாரியிலேயே கிடக்கின்றன. பச்சை இலை கிலோ ஐந்து ரூபாய்க்கும் கீழே போகிறது. கோத்தகிரிப் பக்கம் ஜனங்கள் இலையை ரோட்டில் கொட்டினார்கள். எஸ்டேட் பங்களாக்களில் நாற்காலி, பீங்கான், பியானோ என்று எல்லாவற்றையும் விற்கிறார்கள். அப்படி ஒரு பங்களாவில் போன மாதம் எனக்கு ஒரு லைக்கா லென்ஸ் கிடைத்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பித்தளைக் கனம். வளையத்தைத் திருப்பினால் நெய்யில் ஓடுவது மாதிரி ஓடுகிறது. ராத்திரி சாப்பாட்டை மறந்து அதைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரி மருதாம்பாள், "ஏனுங்க, அதையே தொட்டுக்கிட்டுச் சோத்தத் தின்னுபோடுவீங்களாட்ட இருக்குது" என்றாள். இந்தச் சந்தோஷத்தை உங்களைத் தவிர யாரிடம் சொன்னாலும் புரியாது. உங்கள் பாக்டரியில் சாம்பிள் எடுக்க வந்த அந்த ஆயுத பூஜை அன்று, நீங்கள் ரோலிஃபிளெக்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குனிந்து நின்றதைப் பார்த்தேனே, அன்றிலிருந்து கேமராப் பைத்தியத்தில் என் ஜாதி நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் கேமரா நன்றாக இருக்கிறது. நன்றாக என்றால், ஷோகேஸில் நன்றாக இருக்கிறது.

சின்னம்மை அக்காவைத் திட்டியதாக எழுதியிருந்தீர்கள். அவரைத் திட்டியிருக்க வேண்டாம். மலையில் பூஞ்சை பிடிப்பது யார் குற்றமும் இல்லை.

ஐந்நூறு ரூபாய் மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கருணாகரன்


திருப்பூர்
17.12.2000

கருணாகரன் சாருக்கு,

மணியார்டரைத் திருப்பிவிட்டேன் என்று கோபப்பட வேண்டாம். உதவாத சாமானுக்கு ஒரு தடவை சல்லி வாங்கியாயிற்று. இரண்டாம் தடவை வாங்கினால் அது பிச்சை.

நல்ல சேதி ஒன்று. ரஞ்சனிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பையன் பெயர் ரவிச்சந்திரன், இதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவர்களும் நம்மைப் போலக் கப்பலில் வந்த குடும்பம்தான். பிப்ரவரி 25, ஞாயிற்றுக்கிழமை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். முடியாது என்றால் முடியாது என்று எழுதிவிடலாம். அந்த ஒரு நாளைக்கு மட்டும் கேமராவை இரவல் கொடுப்பீர்களா? லயத்தில் நடந்த நூறு கல்யாணத்தை நான் அதில் எடுத்திருக்கிறேன். என் மகள் கல்யாணத்தை இன்னொருத்தன் எடுக்க நான் பந்தலில் கைகட்டி நிற்பதை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது. பூஞ்சை பிடித்த லென்ஸில் படம் பனி மூடினது மாதிரி வரும் என்று சொன்னீர்கள். வரட்டும். நாங்கள் பனியிலிருந்து வந்தவர்கள்தானே.

சின்னம்மை இப்போதெல்லாம் என் ரேடியோவைக்கூடத் தொடுவதில்லை. நகர்த்தி வை என்றால், "நான் தொட்டா வெளங்காது, நீங்களே வச்சுக்கங்க" என்கிறாள். கேலியாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கேலி இல்லை போலிருக்கிறது.

பொன்னுத்துரை


குன்னூர்
28.12.2000

பொன்னுத்துரை அண்ணனுக்கு,

ரஞ்சனிக்கு என் ஆசீர்வாதம்.

கேமரா இப்போது என்னிடம் இல்லை. சென்னையில் ஒருவரிடம் சுத்தம் செய்யக் கொடுத்திருக்கிறேன். அவர் கையில் வேலை நிறைய இருக்கிறது. மார்ச் மாதம் ஆகிவிடும் என்கிறார். முன்பே தெரிந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். அங்கேயே நல்ல ஸ்டூடியோக்காரர் யாரையாவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அந்தச் செலவு என்னுடையது.

அவசரமாக எழுதுகிறேன். ஆபீஸ் நேரம்.

கருணாகரன்


திருப்பூர்
16.1.2001

கருணாகரன் சாருக்கு,

சரிசெய்ய முடியாது என்று சொன்னீர்களே, இப்போது சென்னையில் ஆள் இருக்கிறாரா? எங்களுக்காகப் பெரிய செலவு எதையும் இழுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு உங்கள்மேல் வருத்தம் ஒன்றும் இல்லை. கேமராப் பிரச்சினையும் தீர்ந்துவிட்டது.

எப்படித் தீர்ந்தது என்று கேளுங்கள். பொங்கலன்று சாமி கும்பிட்டதும் சின்னம்மை ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பிரித்தால் ஒரு கேமரா. பிளாஸ்டிக்தான், பழசுதான், ஆனால் பிளாஷ் எரிகிறது. "ஏது?" என்றேன். "வாங்குனேன்" என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். காதில் தோடு இல்லை. ஓட்டை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சி செருகியிருந்தாள்.

"ஏன்டி இப்படிச் செஞ்ச?" என்றேன்.

"ஒங்க கேமராவ நான்தான நாசமாக்குனேன். மக கல்யாணத்துக்கு நீங்க கையில ஒண்ணுமில்லாம நிக்க வேணாம்" என்றாள்.

அவளுடைய அம்மா பதுளையில் போட்டுவிட்ட தோடு அது. கப்பலில்கூட விற்காமல் கொண்டுவந்தது. நல்ல பெண்பிள்ளையைக் கட்டியிருக்கிறேன் சார். தப்பை உணர்ந்து தானே ஈடு செய்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு நீங்களும் மருதாம்பாள் அம்மாவும் அவசியம் வர வேண்டும். பத்திரிகை பின்னால் வரும்.

பொன்னுத்துரை


குன்னூர்
21.1.2001

அண்ணா,

உங்கள் கடிதத்தை முதலில் படித்தது மருதாம்பாள். நான் ஆபீசிலிருந்து வந்ததும் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "அந்தக்கா தோட்ட வித்துப்போட்டாங்களாமுங்க. பூஞ்ச புடிச்ச கேமராவுலதான் நீங்க ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம படம் புடிச்சுட்டு வாரீங்களா?" என்றாள். நான் கடிதத்தை மடித்து மேஜையில் வைத்தேன். அவளும் மறுபடி கேட்கவில்லை. அந்த ராத்திரி நான் தூங்கவில்லை.

லென்ஸில் பூஞ்சை இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. டார்ச் வெளிச்சத்தில் நீங்கள் பார்த்தது முன் கண்ணாடியில் இருந்த இரண்டு தூசி. துணியால் துடைத்தால் போகிற தூசி. உங்களுக்கு ஏதோ தெரிந்தது என்றால், நான் தெரிகிறது என்று சொன்னதால் தெரிந்தது.

ஏன் செய்தேன் என்று எனக்கு நானே பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இருபது வருடமாக அந்த மாடலுக்கு ஆசைப்பட்டேன். என் சம்பளத்தில் வாங்க முடியாது. நீங்கள் விற்க வேண்டிய நிலையில் இருந்தீர்கள். சரியான விலை கேட்டு வேறு யாரிடமாவது போய்விடுவீர்களோ என்று பயந்தேன். கேமராப் பையை மூடிக்கொண்டு உங்கள் லயத்துப் படியில் திருடன் மாதிரி இறங்கினேன். ஆனாலும் வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்து அந்தக் கண்ணாடிக்குள் எதிர்மலையைப் பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை. நான்கு மாதம் சந்தோஷமாக இருந்தேன். உங்கள் நன்றிக் கடிதம் வந்த பிறகும் இருந்தேன்.

சென்னையில் ஆள் யாரும் இல்லை. அதுவும் பொய்.

நேற்று சனிக்கிழமை கேமராவை எடுத்துக்கொண்டு திருப்பூர் வந்தேன். விலாசம் கேட்டு உங்கள் தெருமுனை வரைக்கும் வந்துவிட்டேன். குழாயடியில் சின்னம்மை அக்கா குடத்தோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். காதில் குச்சி. அதைப் பார்த்த பிறகு என்னால் ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை. முனையில் இருக்கிற மளிகைக் கடையில் பையைக் கொடுத்து, உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். இரண்டு ரோல் பிலிமும் உள்ளே இருக்கிறது. கேமரா உங்களுடையது. நான் கொடுத்த பணத்தைத் திருப்பித் தர வேண்டாம். விற்க நினைத்தால் முப்பதாயிரத்துக்குக் குறைந்து கொடுத்துவிடாதீர்கள்.

மன்னிப்புக் கேட்கிற தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

கருணாகரன்


திருப்பூர்
30.1.2001

கருணாகரனுக்கு,

பை வந்தது. கடிதமும் வந்தது.

கடையிலிருந்து பையை வாங்கிவந்து இன்னும் திறக்கவில்லை. உங்கள் கடிதத்தைக் கம்பெனியில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். முப்பதாயிரம் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி எனக்கு இப்போது ஒன்றும் தோன்றவில்லை.

முதல் கடிதத்தில் நான் ஒன்றை விட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் நான் சத்தம் மட்டும் போடவில்லை. அவளை அடித்தேன். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் அதுதான் முதல் தடவை. ரஞ்சனி நடுவில் வந்து கையைப் பிடித்தாள். உங்களுக்கு எழுதும்போது அந்த இடத்தில் பேனா நின்றது. சத்தம் போட்டேன் என்று எழுதினேன். நீங்கள் படித்தவர், மதிப்பானவர், உங்கள் முன்னால் என்னைக் குறைத்துக்கொள்ள விருப்பமில்லை.

போன கடிதத்தில், தப்பை உணர்ந்து ஈடு செய்துவிட்டாள் என்று எழுதினேனே, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டது போதாது. அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, நான்தான் படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டுகிற மாதிரியே எழுதுங்கள். அவள் அடி வாங்கியது எதற்கு என்று என் வாயாலேயே அவளுக்குச் சொல்ல வேண்டும். என் சொந்த வார்த்தையில் சொல்லப் பார்த்தேன், வரவில்லை.

கல்யாணத்துக்கு நீங்கள் வர வேண்டாம்.

பொன்னுத்துரை


குன்னூர்
3.2.2001

சின்னம்மை அக்காவுக்கு,

குன்னூர் கருணாகரன் எழுதுகிறேன். உங்கள் காம்பராவில் பல தடவை உங்கள் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்தவன்.

அண்ணனுடைய கேமரா கெட்டுப்போகவில்லை. கெட்டுவிட்டது என்று நான் பொய் சொன்னேன். குறைந்த விலைக்கு வாங்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். நீங்கள் அதை ஓதச் சுவரில் மாட்டவில்லை. நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மலையில் பெரிய பங்களாக்களில், கண்ணாடி பீரோவுக்குள் வைத்திருந்த லென்ஸ்களைப் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்துக் கிடக்கும். மழை ஒழுகுகிற லயத்தில் இருபத்து நாலு வருடம் இருந்த உங்கள் கேமராவின் கண்ணாடி பளிங்கு மாதிரி இருந்தது. எப்படி என்று வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தபோதுதான் தெரிந்தது. அடியில் வெள்ளைத் துணியில் அடுப்புக்கரியை முடிந்து மூன்று முடிச்சு வைத்திருந்தீர்கள். துணி துவைத்த துணி. கரி புதுக்கரி. ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும் என்று உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. அண்ணனுக்கு எழுதலாம் என்று நினைத்தேன். பிறகு அந்த முடிச்சுகளைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன்.

அன்றே எழுதியிருந்தால் உங்களுக்குத் தோடு இருந்திருக்கும்.

அந்தத் தோட்டுக்குப் பணம் அனுப்பட்டுமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. உங்களை அழ வைத்தது நான். குழாயடியில் உங்களைப் பார்த்துவிட்டு முகம் காட்டாமல் ஓடியதும் நான்தான். அதற்கும் சேர்த்து வெட்கப்படுகிறேன்.

கருணாகரன்


திருப்பூர்
11.3.2001

கருணாகரன் சாருக்கு,

எழுத நாளாகிவிட்டது. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ரஞ்சனி அவிநாசியில் மாப்பிள்ளை வீட்டில் இருக்கிறாள்.

உங்கள் கடிதத்தைக் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் படித்துக் காட்டினேன். அதற்கு முன்பே வந்துவிட்டது, நான்தான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு மத்தியானம் அவள் பனியன்களைக் குவித்து வைத்துப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். கரி முடிச்சு வந்த இடத்தில் கத்தரிக்கோலை நிறுத்தினாள். மற்ற இடத்திலெல்லாம் வெட்டிக்கொண்டேதான் இருந்தாள்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது."

"அவுகள அன்னிக்குக் கொழாயடியில நான் பாத்தேன். கூப்புடலாம்னு கொடத்த எறக்கி வச்சேன். அதுக்குள்ள போயிட்டாக."

நான் கடிதத்தை மடித்தேன்.

"அவுக ஒரு சாமானுக்கு ஆசப்பட்டாக, பொய் சொன்னாக. அது அவுக பாடு. நீங்க எதுக்கு நம்புனீங்க?"

அடுத்த பனியனை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"டார்ச்சு அடிச்சுக் காட்டுனதும் ஒங்களுக்கு வலை தெரிஞ்சுது. மாசா மாசம் நான் ஒக்காந்து கரி மாத்திக் கட்டுனது ஒரு நாளும் தெரியல. நான் இல்லைன்னு சொன்னேனே, அது ஒங்க காதுலயே ஏறல."

"என்ன மன்னிச்சிரு" என்று சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை பாதி வரும்போதே, "சோறு வடிக்கணும்" என்று எழுந்துவிட்டாள். சொல்ல விடக் கூடாது என்றுதான் எழுந்தாள் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. எப்போதும் போல எனக்குச் சோறு போடுகிறாள், கல்யாண வேலை அத்தனையும் இழுத்துப் போட்டுச் செய்தாள். கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

ரோலிஃபிளெக்ஸில் ஒரு ரோல் போட்டு நானே எடுத்தேன். பன்னிரண்டு படம் அதில். தாலி கட்டினது, மாலை மாற்றினது, சம்பந்தி வீட்டார் என்று பதினொன்று எடுத்துவிட்டு, கடைசி ஒன்றை அவளுக்காக வைத்திருந்தேன். "வா, ஒரு படம்" என்று கூப்பிட்டேன். "பந்தியில ஆளு ஒக்காந்திருக்கு" என்றாள். சாயங்காலம் கூப்பிட்டேன். பாத்திரம் கழுவக் கிடக்கிறது என்றாள். மறுநாள் வீட்டில் கூப்பிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு பிசிறு வெட்டினாள்.

அவள் வாங்கிய பிளாஸ்டிக் கேமராவில் ரஞ்சனியின் சிநேகிதப் பெண்கள் எடுத்த படங்களைக் கழுவி வாங்கியாயிற்று. மூன்று படத்தில் சின்னம்மை இருக்கிறாள். ஒன்றில் நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். காதில் கவரிங் தோடு, ரஞ்சனி வாங்கிக் கொடுத்தது.

என் கேமராவில் பன்னிரண்டாவது படம் அப்படியே இருக்கிறது. வேறு எதையாவது எடுத்து ரோலை முடித்துக் கழுவக் கொடுக்கலாம். மனசு வரவில்லை. அப்பா, நீங்கள் எடுத்த படம் எப்போது வரும் என்று ரஞ்சனி வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்கிறாள். இன்னும் ஒன்று பாக்கி என்று சொல்கிறேன். பக்கத்திலேயே சின்னம்மை உட்கார்ந்திருப்பாள். அது என்ன பாக்கி என்று அவள் கேட்பதில்லை.

நீங்கள் பதில் எழுத வேண்டாம். அவள் வந்து நின்றால் நானே எழுதுகிறேன்.

பொன்னுத்துரை